பெயர் பறிபோனவர்களின் ஏரி



போன வாரம் நான் போட்ட ஏரிப் படங்களைப் பார்த்துவிட்டு "சார், இது கொடைக்கானலா, ஊட்டியா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் இருக்கும் லாக் கேட்ரின் என்ற ஏரி. மகள் வீட்டுக்கு கிளாஸ்கோ வந்திருக்கிறேன். அக்டோபர் மாதம். பூகோளப் பாடத்தில் இலையுதிர் காலம், இலையுதிர் காலம் என்று முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தேனே, அதை இந்த வருடம்தான் கண்ணால் பார்க்கிறேன். பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. பெரணிச் செடிகள் மலைச்சரிவு முழுக்கத் துரு நிறத்தில் கிடக்கின்றன. ரோவன் மரங்களில் சிவப்புக் காய்கள் இன்னும் கொத்துக் கொத்தாய்த் தொங்குகின்றன.

படத்துக்கு அடியில் நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஏரிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு நாலு வரியில் அடங்காது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல் லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

'லாக்' என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஏரி. கடைசி ஒலியைத் தொண்டையிலிருந்து, கிட்டத்தட்ட நம் ஆய்த எழுத்தைப்போல் சொல்கிறார்கள். 'கேட்ரின்' என்பது கொள்ளைக் கூட்டத்தைக் குறிக்கும் ஒரு கேலிக் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கிளாஸ்கோவுக்கு வடக்கே ட்ராசக்ஸ் என்ற மலைப்பகுதியில், சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஏரி இது. கிழக்கு முனையில் சுற்றுலாப் படகுத்துறை, கடை, கூட்டம் எல்லாம் உண்டு. நாங்கள் போனது மேற்குப் பக்கம். அபர்ஃபாயில் என்ற சிற்றூரிலிருந்து ஒரே ஒரு வண்டி போகக்கூடிய மலைப்பாதையில் ஸ்ட்ரோனக்லாகர் என்ற துறைக்குப் போய், வண்டியை அங்கே நிறுத்திவிட்டு நடந்தோம். ஏரியின் தலைப்பக்கத்தைச் சுற்றி கிளென்கைல் என்ற பள்ளத்தாக்குக்குப் போகும் பாதை அது. பொதுமக்கள் வாகனம் போக அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். காலையில் கிளம்பி மாலை திரும்பும்வரை எதிரில் வந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு மேக்கிரெகர் என்ற குலத்தாரின் மண். 'மேக்' என்றால் மகன். கிரெகரின் மக்கள் என்று பொருள். (மேக், மகன் என்று ஒலி ஒத்துப்போகிறதே என்று உடனே "தமிழிலிருந்து போனது" எனக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.)

மலைநாட்டில் அப்போது செல்வம் என்றால் மாடு. சிறிய, கறுத்த, முடி அடர்ந்த மாடுகள். கோடை முழுக்க மேய்ந்து கொழுத்து, இலையுதிர் காலத்தில் கீழ்நாட்டுச் சந்தைக்குப் போகும். மாடு திருட்டும் அதே பருவத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அறுவடைக் காலத்து முழுநிலவுக்கு இந்தப் பக்கத்தில் 'மேக்ஃபார்லேனின் விளக்கு' என்று பெயர். மேக்ஃபார்லேன்கள் பக்கத்துக் குலத்தார். அந்த நிலவொளியில் மாடு ஓட்டிக்கொண்டு போவதில் பேர்போனவர்கள். வெட்சித் திணை, கரந்தைத் திணை என்று நீங்கள் மனப்பாடம் செய்தீர்களே, ஆநிரை கவர்தலும் மீட்டலும், அதே வாழ்க்கைதான் இங்கே 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் நடந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் மேக்கிரெகர்களுக்கும் கொல்ஹூன் என்ற குலத்தாருக்கும் பெரிய மோதல் நடந்தது. கொல்ஹூன் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ். மார்ச் 24 அன்று இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் இறந்துபோக, அந்த நாட்டு முடியும் ஜேம்ஸுக்கு வந்தது. லண்டனுக்குப் புறப்படும் அவசரத்தில் அவர் அரசு எடுத்த கடைசி முடிவுகளில் ஒன்று, ஏப்ரல் 3 தேதியிட்ட ஆணை: இனி மேக்கிரெகர் என்ற பெயரே இருக்கக் கூடாது. அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் வேறு பெயருக்கு மாறிவிட வேண்டும். மாறாவிட்டால் மரண தண்டனை.

தண்டனை ஒரு குற்றத்துக்கு என்றால் புரிகிறது. இது பெயருக்கே விதித்த தண்டனை. மோதலில் கலந்துகொண்டவன், கலந்துகொள்ளாதவன், தொட்டிலில் கிடக்கும் குழந்தை எல்லாருக்கும் ஒரே சட்டம். அதற்குப் பின் வந்த ஆணைகள் இன்னும் கடுமை. மோதலில் இருந்தவர்கள் ஆயுதம் எதுவும் வைத்திருக்கக் கூடாது. இறைச்சி வெட்ட முனை மழுங்கிய கத்தி ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குலத்தில் பிறந்தவர்கள் நான்கு பேருக்கு மேல் ஓர் இடத்தில் கூடக் கூடாது.

குலத்தலைவர் அலஸ்டேர் மேக்கிரெகரின் முடிவைக் கேளுங்கள். ஆர்கைல் பிரபு (கேம்பெல் குலத்தின் தலைவர்) அவரிடம், சரணடைந்தால் பத்திரமாக ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே எல்லையைத் தாண்டி இங்கிலாந்து மண்ணை மிதிக்கவைத்து, உடனே பிடித்துத் திரும்ப எடின்பரோவுக்குக் கொண்டுவந்தார்கள். 1604 ஜனவரியில் தூக்கு. வாக்கு தவறவில்லையாம்!

மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? உயிர் பிழைக்க வேண்டுமே. கேம்பெல், கிரான்ட், மர்ரே, ஸ்டூவர்ட், டிரம்மன்ட் என்று கிடைத்த பெயரைப் போட்டுக்கொண்டார்கள். தங்கள் தலைவனை ஏமாற்றித் தூக்கிலிட்டவர்களின் பெயரையே தன் பெயராகச் சுமந்தவர்களும் உண்டு. 1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693இல் மூன்றாம் வில்லியம் காலத்தில் மீண்டும் வந்தது. 1774இல்தான் முழுவதுமாக ஒழிந்தது. முதல் ஆணையிலிருந்து கணக்குப் போட்டால் 171 வருடம். இடையில் கிடைத்த மூச்சு 32 வருடம்தான்.

ஸ்ட்ரோனக்லாகர் துறையில் நின்றால் எதிரே ஒரு சின்னத் தீவு தெரிகிறது. நீர்மட்டம் உயர்ந்ததால் சிறுத்துப்போன தீவு. அதற்குக் 'காரியஸ்தர் தீவு' என்று பொருள்படும் பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் ராப் ராய் மேக்கிரெகர். செம்பட்டை முடி என்பதால் 'ராய்', அதாவது சிவப்பு. 1671இல் கிளென்கைலில் பிறந்தவர். மாட்டு வியாபாரி. கூடவே காவல் கூலியும் வாங்கினார்: எனக்குக் கூலி கொடு, உன் மாடு திருடு போகாமல் பார்த்துக்கொள்கிறேன், போனால் மீட்டுத் தருகிறேன் என்ற ஏற்பாடு. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'மெயில்' என்றால் வரி, வாடகை. இந்தக் கூலிக்குப் பெயர் 'பிளாக்மெயில்'. நாம் இன்று மிரட்டலுக்குச் சொல்கிற அந்தச் சொல் இந்த மாதிரி ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். தபாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1711 வாக்கில் மாடு வாங்க மான்ட்ரோஸ் கோமகனிடம் பெரிய தொகை கடன் வாங்கினார். பணத்தை ஒப்படைத்திருந்த ஆள் அதோடு ஓடிவிட்டான் என்று சொல்வார்கள். கடன் கட்ட முடியவில்லை. கோமகன் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவிக்கவைத்தார். நிலமும் வீடும் போயின. ராப் ராய் பழிவாங்கினார். 1716இல் கோமகனின் காரியஸ்தர் குத்தகைப் பணம் வசூலித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போய், பணத்தையும் அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து இந்தத் தீவில் அடைத்துவைத்தார். கேட்ட தொகை வரவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்.

ராப் ராய் ஏழை பங்காளனா, திருடனா என்று கேட்டால், இரண்டும் முழுசாகச் சரியில்லை. அவர் காலத்து மலைநாட்டுக்காரர் ஒருவர், கெட்டிக்காரர், கொஞ்சம் கடினமான ஆள். என் மனதில் நின்றது வேறு. பெயர்த்தடை அமலில் இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டது தாயார் வழிப் பெயரில்: ராபர்ட் கேம்பெல். இன்று ஸ்காட்லாந்தின் மிகப் புகழ்பெற்ற மேக்கிரெகர் அவர்தான். வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பெயரைச் சட்டப்படி எழுத முடியாமலே இருந்தவர்.

அவரை உலகறியச் செய்தவர் சர் வால்டர் ஸ்காட். 'ராப் ராய்' நாவலுக்கு முன்பே, 1810இல், இந்த ஏரியையும் இதன் தீவொன்றையும் களமாக வைத்து 'தி லேடி ஆஃப் தி லேக்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். டக்ளஸ் என்ற பிரபு மன்னரின் கோபத்துக்கு ஆளாகி, மகள் எல்லனோடு இந்தத் தீவில் மறைந்து வாழும் கதை. எட்டு மாதத்தில் 25,000 படிகள் விற்றது. கவிதையைப் படித்தவர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துச் சுற்றுலாத் தொழிலே இந்த ஏரிக்கரையில்தான் பிறந்தது என்று சொல்லலாம்.

அந்தக் கவிதை எங்கெல்லாம் போனது தெரியுமா? இத்தாலியில் ரொசினி அதை இசைநாடகம் ஆக்கினார். வியன்னாவில் ஷூபர்ட் எல்லனின் பிரார்த்தனைப் பாட்டுக்கு இசையமைத்தார். இன்று உலகமெங்கும் தேவாலயங்களில் கேட்கும் புகழ்பெற்ற 'ஆவே மரியா' அதுதான். அமெரிக்க அதிபர் மேடைக்கு வரும்போது வாசிக்கிற வரவேற்பு இசையும் இந்தக் கவிதையின் நாடக வடிவத்திலிருந்து போனதே.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. 1838 செப்டம்பரில் மேரிலாந்திலிருந்து ஓர் இளைஞர் அடிமைத்தளையை உடைத்துக்கொண்டு தப்பினார். பெயர் ஃபிரெடரிக் பெய்லி. பழைய பெயரோடு இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் நேதன் ஜான்சன் என்ற கறுப்பினப் பெரியவர். ஜான்சன் அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகம் 'தி லேடி ஆஃப் தி லேக்'. அதில் வரும் டக்ளஸ் என்ற பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் அவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ஆனார். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மிகப்பெரிய குரல்.

ஒன்பதாம் வகுப்பில் டக்ளஸைப் பற்றி நான் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம். அவர் 1846இல் ஸ்காட்லாந்துக்கே வந்தார். இங்கே புதிதாகப் பிரிந்திருந்த ஒரு திருச்சபை, அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் நன்கொடை வாங்கியிருந்தது. "அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பு" என்று ஊர் ஊராகப் பேசினார். பணம் திரும்பவில்லை. ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்தக் கேள்வியை எதிர்கொள்ள வேண்டிவந்தது. பெயரைப் பறித்துக் கொல்லப் பார்த்த சட்டத்தின் சுவடு இந்த ஏரிக்கரையில் இருக்கிறது. இதே ஏரியைப் பாடிய கவிதை, பெயர் தேவைப்பட்ட ஒரு மனிதனுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பாதையில் நடக்கும்போது இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றுலா வந்தால் சண்டையும் வரும். கவிதையால் பிழைப்புப் பெற்றவர்களில் படகோட்டிகளும் உண்டு. துடுப்பு வலித்துப் பயணிகளைக் கூட்டிப்போனார்கள். 1843இல் முதலாளிகள் 'ஜிப்சி' என்ற நீராவிப் படகைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் ஓர் இரவு அது ஏரியில் காணாமல் போய்விட்டது. படகோட்டிகள்மேல் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார்கள். அவர்கள்தான் செய்தார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. ஆனால் நீராவியை நிறுத்த முடியவில்லை. இப்போது ஓடும் 'சர் வால்டர் ஸ்காட்' கப்பல் டம்பார்ட்டனில் கட்டி, பிரித்து, லாக் லோமண்ட் வழியாகப் படகில் ஏற்றி, பிறகு குதிரை வண்டிகளில் மலைமேல் இழுத்து வந்து இங்கே மறுபடி பூட்டியது. 1900இல் ஓடத் தொடங்கியது.

அடுத்து தண்ணீர். மகள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் இந்த ஏரித் தண்ணீர்தான் என்று தெரிந்தபோதுதான் எனக்கு இங்கே வரவேண்டும் என்ற எண்ணமே வந்தது.

1801இல் கிளாஸ்கோவின் மக்கள்தொகை 80,000க்கும் குறைவு. 1851இல் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆலைகள், நெருக்கமான குடியிருப்புகள், கழிவு கலந்த கிளைட் ஆற்றுத் தண்ணீர். 1832இல் காலரா வந்து சுமார் 3,000 பேர் இறந்தார்கள். 1848-49இலும் 1853-54இலும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் 4,000 பேர் அளவுக்குக் கொண்டுபோனது. சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே சர் தாமஸ் மன்றோ, அவர் இந்த கிளாஸ்கோவில் 1761இல் பிறந்தவர். சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ஐந்தே வருடத்தில் அதே நோய் அவர் பிறந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாநகராட்சி இந்த ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடிவு செய்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. ஃபோர்த் ஆற்றில் கப்பல் போக்குவரத்து கெடும் என்றது கடற்படை. இவ்வளவு மென்மையான தண்ணீர் ஈயக் குழாயை அரிக்கும் என்றார் ஒரு வேதியியல் பேராசிரியர். முதல் மசோதா தோற்றது. 1855இல் சட்டம் நிறைவேறியது. ஜான் பேட்மன் என்ற பொறியாளர், மலைகளைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலம் போட்டுக் கடந்தும் 42 கிலோமீட்டர் நீரோட்டப் பாதை அமைத்தார். சுமார் பாதி தூரம் சுரங்கம். பம்பு கிடையாது. ஒரு மைலுக்குப் பத்து அங்குலச் சரிவு. தண்ணீர் தானே நடந்து போகிறது. 1859 அக்டோபர் 14 அன்று, இதே இலையுதிர் காலத்தில், கொட்டும் மழையில் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். அவர் தங்குவதற்கென்று ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டினார்கள். மரியாதைக்குப் பீரங்கி முழங்கியதில் சன்னல் கண்ணாடிகள் உடைந்துபோய், அரசி அங்கே தங்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு.

அடுத்த காலரா 1866இல் வந்தது. கிளாஸ்கோவில் இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆயிரங்களிலிருந்து நூறுக்குள். மருத்துவமனையால் அல்ல, குழாயால் வந்த மாற்றம். அந்தப் பேராசிரியர் சொன்னதும் பொய்யாகவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து ஈயப் பிரச்சினையை ஒப்புக்கொண்டு, தண்ணீரில் முதலில் சுண்ணாம்பும் பிறகு பாஸ்பேட்டும் சேர்த்துச் சரிசெய்தார்கள். நல்ல திட்டத்தை எதிர்ப்பவரிடமும் கேட்க வேண்டிய விஷயம் இருக்கலாம்.

நகரம் தண்ணீர் பெற்றது. பள்ளத்தாக்கு என்ன கொடுத்தது? ஏரியின் மட்டத்தைப் பல கட்டங்களில் உயர்த்தினார்கள். கரையோர நிலம் மூழ்கியது. கிளென்கைல் தாண்டிப் போனால் போர்ட்னெல்லன் என்ற இடத்தில் மேக்கிரெகர்களின் பழைய இடுகாடு இருக்கிறது. அது மூழ்காமல் இருக்க மேடாகக் கட்டி உயர்த்தியிருக்கிறார்கள். ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு சின்ன முனைபோல் இருக்கிறது. சுற்றுச்சுவர், பாசி படிந்த கற்கள், மேலே உதிர்ந்த இலைகள். 1774க்குப் பிறகு 826 பேர் கையெழுத்திட்டு ஒரு தலைவரை ஏற்றுக்கொண்டார்கள். ஜான் மர்ரே என்ற பெயரில் வாழ்ந்தவர், வங்காளத்தில் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். அந்த வம்சம் மேக்கிரெகர் என்ற பெயரை முறைப்படி திரும்பச் சேர்த்துக்கொண்டது 1822இல்.

இப்போது மலையில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த ஆடுகளை அகற்றிவிட்டு, மண்ணுக்குரிய மரங்களை வளரவிட்டிருக்கிறார்கள். படத்தில் நீங்கள் பார்த்த அந்த மஞ்சள் பிர்ச் கன்றுகளில் பல இந்த நூற்றாண்டில் முளைத்தவை. பார்க்க ஆதிகாலக் காடுபோல் இருக்கிறது. உண்மையில் அந்த அமைதி, மக்கள் போன பிறகு வந்த அமைதி.

முப்பது வருடம் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவன் நான். "உள்ளேன் ஐயா" என்று நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு வெறும் வழக்கமாகத்தான் அப்போது இருந்தது. ஒரு பெயரைக் கூப்பிட்டதும் உள்ளேன் என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய உரிமை என்று அந்த இடுகாட்டில் நின்றபோது தோன்றியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தாத்தாவுக்கு அப்பா பெயர் கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். யாரும் தடை போடவில்லை, நாமே மறந்துவிட்டோம்.

ஆகவே பழக்க தோஷத்தில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதிவையுங்கள். பாட்டிமார்களின் பெயர்களையும் சேர்த்து. அவைதான் முதலில் காணாமல் போகும். அப்படியே உங்கள் ஊர்க் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஏரி, எந்த ஆறு, அதற்காக யார் இடம்பெயர்ந்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். எழுதியவர்கள் கீழே பதில் போடுங்கள். வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

குளிர் கூடிவிட்டது, மகள் கூப்பிடுகிறாள். அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்